கை போனுக்குப் போகும் அந்த வரி

கேள்வி:

வணக்கம் மேடம். இயற்பியல் இளநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். பள்ளியில் முதல் மூன்று இடங்களை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை. கல்லூரியில் முதல் செமஸ்டரில் 8.1 எடுத்தேன். இப்போது 6.4. போதாக்குறைக்கு வெப்ப இயக்கவியலில் அரியர். ஒரு பாடத்தில் தேறாமல் போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

படிக்க உட்காராமல் இல்லை மேடம். சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தகத்தை விரித்தால் பத்தரை வரை மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஆனால் பத்தரைக்குப் பார்த்தால் நாலு பக்கம்தான் நகர்ந்திருக்கும். நடுநடுவே போன். ஒரு நாளைக்கு 5 மணி 20 நிமிடம் என்று போனே கணக்குக் காட்டுகிறது. இன்ஸ்டாகிராமை மூன்று முறை நீக்கிவிட்டேன்; நாலு நாளுக்கு மேல் தாங்கவில்லை. அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன் என்கிறார். வகுப்பு அறிவிப்பெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, எப்படிக் கொடுக்க முடியும்? என் நெருங்கிய தோழியும் என்னைப் போலத்தான் ரீல்ஸ் பார்க்கிறாள். அவளுக்கு 8.7. எனக்கு மட்டும் மனக்கட்டுப்பாடு இல்லையா? யூடியூபில் பாட வீடியோக்களும் நிறையப் பார்க்கிறேன். அதுவும் வீண்தானா? படுத்தால் இரவு ஒரு மணிக்கு மேல்தான் தூக்கம். நான் படிப்புக்கே லாயக்கில்லாதவள் ஆகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. படிப்புக்கு லாயக்கில்லாத ஒருவர் தினமும் நாலரை மணி நேரம் மேசையை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்க மாட்டார். பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இந்தப் பயத்தோடு என் அறைக் கதவைத் தட்டுகிறவர்களில் பள்ளியில் முன்னணியில் இருந்த பிள்ளைகள்தான் அதிகம். தோற்றுப் பழகாதவர்களுக்கு முதல் அரியர் ஒரு பாடத்தில் விழுந்ததாகத் தெரியாது. தன் மேலேயே விழுந்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 5 மணி 20 நிமிடம் என்பது ஒன்று. நாலரை மணி நேரத்தில் நாலு பக்கம் என்பது மற்றொன்று. முதல் கணக்கைப் பார்த்து நீங்கள் மிரண்டுபோயிருக்கிறீர்கள். நான் இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஃபேஸ்புக் பயன்படுத்தும் மாணவர்களின் மதிப்பெண் சராசரி மற்றவர்களைவிடக் குறைவு என்று கிர்ஷ்னர், கார்பின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதற்கு மேல் அந்த ஆய்வால் எதையும் நிரூபிக்க முடியாது. மதிப்பெண் சரிந்த பிள்ளை ஆறுதல் தேடி அங்கே போயிருக்கவும் கூடும் அல்லவா? பிறகு 2018-இல் மார்க்கர், க்னாம்ப்ஸ், ஆப்பெல் ஆகிய மூவர் அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சமூக ஊடகத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பொதுவாக இருந்த தொடர்பு பாதகம்தான், ஆனால் சிறியது. படிக்கும்போதே கூடவே பார்க்கிறவர்களிடமும் பாதகமே தெரிந்தது. படிப்புக்காகவே பயன்படுத்தியவர்களிடமோ அது சாதகப் பக்கம் திரும்பியிருந்தது. ஊடகத்துக்குப் போகும் நேரம் அப்படியே படிப்பு நேரத்திலிருந்துதான் களவாடப்படுகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

ரெய்னால் ஜங்கோ 2015-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் அமெரிக்காவில் நாலு வருடப் பட்டப்படிப்பு மாணவர்களை ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஃபேஸ்புக்கில் செலவழித்த மொத்த நேரம் முதலாண்டு மாணவர்களின் மதிப்பெண்ணோடு மட்டுமே பாதகமாகச் சேர்ந்திருந்தது. படித்துக்கொண்டே பார்ப்பது முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்குமே பாதகமாக இருந்தது. இறுதியாண்டு மாணவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. அவர்களும் போன் வைத்திருந்தவர்கள்தான். எந்த நேரத்தில் எதைத் தொடலாம் என்பதை இடைப்பட்ட வருடங்களில் பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் இரண்டாம் ஆண்டு. பழகுகிற இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

உங்கள் தோழி விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர் உங்களைப் போலவே ரீல்ஸ் பார்க்கிறார் என்பது நீங்கள் கண்ணால் கண்டது. அவர் எப்போது பார்ப்பதில்லை என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பார்க்கிறாய் என்று கேட்காமல், படிக்கும்போது போனை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். அதற்கு மேல் அந்த ஒப்பீட்டை நீட்ட வேண்டாம்.

இப்போது அந்த நாலு பக்கத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் வந்தார். உங்கள் குறைதான் அவருக்கும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, "படிக்கும்போது கை போனுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், அல்லது போக வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும், அப்போது எந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாயோ அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வை. வேறு எதையும் மாற்றாதே. போனை எடுக்கத் தோன்றினால் எடு" என்றேன். ஐந்து நாள் கழித்துப் புத்தகத்தோடு வந்தார். அறிவிப்பு மணி அடிக்கும் போதெல்லாம் கவனம் சிதறுகிறது, ஆகவே புள்ளிகள் பக்கமெங்கும் இறைந்து கிடக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இருவரும் சேர்ந்து பக்கங்களைப் புரட்டினோம். முன்னுரையில் ஒரு புள்ளிகூட இல்லை. தெரிந்த கணக்குகள் வரும் பக்கங்களும் சுத்தமாக இருந்தன. "இதிலிருந்து எளிதாக நிறுவலாம்" என்று ஆசிரியர் ஒரு படியைத் தாண்டிப் போயிருந்த இடத்தில் மட்டும் ஆறு புள்ளிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அந்த மாணவர் ரொம்ப நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மேடம், எனக்குப் புரியாத இடத்துலதான் நான் போனை எடுக்கிறேன்."

அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பின் வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் இதே பென்சிலைக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் இதையேதான் கண்டோம்.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்ப இயக்கவியலில் என்ட்ரோபி வரையறை வரும் பக்கத்தைத் திறங்கள். மீள் நிகழ்வு ஒன்றில் பரிமாறப்படும் வெப்பத்தை அப்போதைய வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது என்ட்ரோபி மாற்றம் என்று ஒரே வரியில் இருக்கும். கண்ணால் ஓட்டினால் நாலு விநாடி. புரிந்துகொள்ள வேண்டுமானால் மீள் நிகழ்வு என்றால் என்ன, வெப்பம் எந்தப் பக்கம் போகிறது, வெப்பநிலையால் ஏன் வகுக்கிறோம், நிகழ்வு மீளாததாக இருந்தால் என்ன செய்வது, இந்த நாலையும் ஒரே சமயத்தில் மனதில் ஏந்திக்கொள்ள வேண்டும். மனித மனதின் செயல்படு நினைவு ஒரு நேரத்தில் தாங்கக்கூடியது ஏறக்குறைய நாலு பொருள்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். ஆக, இரண்டு கையிலும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு நடப்பது போன்ற வேலை இது. அந்த நேரம் பார்த்துப் போன் மினுங்குகிறது. நாற்பது விநாடி எடுத்துப் பார்க்கிறீர்கள். திரும்பி வந்தால் புத்தகம் அதே பக்கத்தில்தான் திறந்திருக்கிறது, ஏந்தியிருந்த நாலும் கீழே கிடக்கின்றன. மறுபடி முதலிலிருந்து பொறுக்க வேண்டும். அதுவும் பாதி மனதோடு. ஏனென்றால் விட்டுவந்த வேலையின் மிச்சம் கொஞ்ச நேரம் மனதில் ஒட்டிக்கொண்டேயிருக்கும். சோஃபி லெராய் 2009-இல் இதற்குக் கவன எச்சம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். தோழியின் செய்திக்குப் பாதி பதில் எழுதிவிட்டு வந்தால், மீதிப் பதில் என்ட்ரோபியோடு சேர்ந்து உள்ளே ஓடும்.

லாரி ரோசனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 263 மாணவர்களை அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் உட்கார்ந்து கவனித்தார்கள். முக்கியமான பாடம் ஒன்றைப் படிக்கும்படி சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் வேறொன்றுக்குத் தாவினார்கள். யாரும் பார்க்காதபோது நாலரை மணி நேரம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் மேசையில் இருந்த நேரம் பொய்யில்லை. அதில் பெரும்பகுதி பொறுக்குவதிலேயே போயிருக்கிறது. அதனால்தான் அலுப்பு முழுசாக வருகிறது, பக்கம் நகர மாட்டேன் என்கிறது.

சரி, புரியாத வரியில் கை ஏன் போனைத் தேடுகிறது? அந்த வரி ஒரு சின்ன அவமானத்தைத் தருகிறது. பள்ளியில் எல்லாம் ஒரே வாசிப்பில் புரிந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகத் தருகிறது. "எனக்கு இது வரவில்லையே" என்ற அந்த உறுத்தலை அரை விநாடியில் ஆற்றிவிட மேசையில் ஒரு பொருள் தயாராக இருக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் நல்லது கிடைக்கும் என்பதில்லை. எப்போதாவதுதான் கிடைக்கும். எப்போது என்று தெரியாமல் கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை இறுக்கிக் கட்டும் என்பதைப் புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் காட்டி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. போதாததற்கு, முடிவே இல்லாமல் உருண்டுகொண்டேயிருக்கும் திரையை ஆசா ராஸ்கின் 2006-இல் வடிவமைத்தார். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தால் கண் அங்கே ஒரு நொடி நிற்கும், போதும் என்று தோன்றும். அந்த நொடியை எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இரவு ஒன்பது மணிக்கு, களைத்த மூளையோடு, தன்னந்தனியாக மன உறுதியால் இதை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்த எதிர்பார்ப்பை முதலில் நீங்கள் கைவிடுங்கள்.

மனக்கட்டுப்பாடு பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரமே கொஞ்சம் தப்பு. ஆசை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறவரைத்தான் கட்டுப்பாடு உள்ளவர் என்று நினைக்கிறோம். பிரையன் கல்லா, ஆஞ்சலா டக்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வுகளில் வேறு ஒன்று தெரிந்தது. கட்டுப்பாட்டில் சிறந்தவர்களின் நல்ல பலன்களுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் பழக்கம். குறித்த நேரம், குறித்த இடம், யோசிக்காமலே தொடங்கிவிடும் வழக்கம். ஆசையோடு மல்லுக்கட்டும் தேவையே அவர்களுக்குக் குறைவு.

ஆகவே சண்டை போடும் இடத்துக்கே போகாதீர்கள். படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது, பைக்குள் வைப்பது, மணியை மட்டும் அணைப்பது எல்லாம் அரைகுறை. போன் கண்ணெதிரே இருந்தாலே யோசிக்கும் திறன் குறைகிறது, அடுத்த அறையில் இருப்பவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்று 2017-இல் ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. என் காரணம் ரொம்ப எளிமையானது: அடுத்த அறைக்கு எழுந்து போகப் பத்து அடி நடக்க வேண்டும். கை யோசிக்காது, கால் யோசிக்கும். நாலாவது அடியில் "எதுக்கு எழுந்தேன்?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி வந்தாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாவை இங்கே துணைக்கு அழையுங்கள். அவர் பிடுங்குவதும் நீங்கள் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. பிடுங்கினால் அவர் காவலர், நீங்கள் கைதி. வீட்டில் தினமும் சண்டைதான் மிஞ்சும். நீங்களே போய், "அம்மா, ஏழு மணி வரை இதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏழு மணிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று கொடுத்துப் பாருங்கள். ஏழு மணிக்குக் கேள்வி கேட்காமல் திருப்பித் தரும்படியும் சொல்லிவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் அவருக்கும் நிம்மதி. மகள் வளர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வாய்ப்பு.

வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேற வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டுப் படிக்க உட்காரும் முன் ஒரு முறை, முடித்தபின் ஒரு முறை பாருங்கள். உண்மையிலேயே அவசரமான அறிவிப்பு ஏதாவது வந்தால் வீட்டு எண்ணுக்கோ அம்மாவின் எண்ணுக்கோ அழைத்துச் சொல்லும்படி ஒரு தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அப்படி எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆறிலிருந்து பத்தரை வரை என்ற அந்த நீண்ட காவலையும் கைவிடுங்கள். முதல் வாரம் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் இடைவெளி. இப்படி இரண்டு சுற்று போதும். ஒரு மணி நேரம்தானா என்று பதறாதீர்கள். போன் இல்லாத 25 நிமிடத்தில் எத்தனை வரி புரிகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். இடைவெளியில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். போன் வேண்டாம், ரீல்ஸ் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் கழித்து ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் அந்தப் புரியாத வரி வரத்தான் செய்யும். அதற்கு முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்பே முடிவு கட்டி வைத்தவர்கள், வெறுமனே "நன்றாகப் படிப்பேன்" என்று உறுதி எடுத்தவர்களைவிட நினைத்ததை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். உங்களுக்கு நான் எழுதித் தரும் முடிவு இது: கை போனைத் தேடினால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "இந்த வரியில் எனக்குத் தெரியாதது என்ன?" என்று ஒரு கேள்வியாக எழுதுவேன். அவ்வளவுதான். பதில் தெரிய வேண்டியதில்லை. "வெப்பநிலையால் எதற்கு வகுக்கிறார்கள்?" என்று எழுதியதும், ஒட்டுமொத்தமாகப் புரியாமல் இருந்த பக்கம் ஒரே ஒரு புரியாத இடமாகச் சுருங்கிவிடும். அந்தத் தாளோடு மறுநாள் ஆசிரியரிடம் போகலாம், தோழியிடம் போகலாம். "சார், எனக்கு இந்தப் பாடமே புரியல" என்று வரும் மாணவருக்கு உதவுவது கஷ்டம். கேள்வியோடு வருகிறவரை எந்த நல்ல ஆசிரியரும் விடமாட்டார்.

பாட வீடியோக்கள் வீணில்லை அம்மா. அவற்றை நீங்கள் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். நன்றாகச் சொல்லித் தருகிறவர் பேசும்போது எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். அவருக்குப் புரிந்திருப்பதை நமக்குப் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வெறுமனே படித்தவர்களுக்கு 40 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. ஆகவே வீடியோவைப் பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். மூடுங்கள். கேட்டதைத் தாளில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கிருந்து மறுபடி பாருங்கள். முடிந்தால் வீடியோவைக் கணினியில் பாருங்கள். போனில் பார்த்தால் பரிந்துரைப் பட்டியல் உங்களை எங்கே இறக்கிவிடும் என்று சொல்ல முடியாது.

இன்ஸ்டாகிராமை நீக்கியது நாலு நாளில் கலைந்தது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாளாகிறது என்று ஃபிலிப்பா லாலியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது, நடுமதிப்பு 66. நாலு நாள் என்பது தொடக்கத்தின் தொடக்கம். அதோடு, நீக்கிய இடத்தில் நீங்கள் எதையும் வைக்கவில்லை. தோழிகளோடு பேசுவது, சிரிப்பது, ஊர் உலகம் தெரிந்துகொள்வது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் வெட்டினால் மனம் வறண்டுதான் போகும். அமெரிக்காவில் 2018-இல் சில ஆயிரம் பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினர் பணம் பெற்றுக்கொண்டு நாலு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மிச்சமானது. அதில் ஒரு பகுதி நண்பர்களோடும் குடும்பத்தோடும் நேரில் கழிந்தது. மனநிலை கொஞ்சம் மேம்பட்டது. பரிசோதனை முடிந்து திரும்பி வந்த பிறகும் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். நீங்கள் இப்போது நீக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். படிப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் குற்ற உணர்ச்சி இல்லாமல் பாருங்கள். உழைத்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பகலில் படித்தது மனதில் நிலைபெறும் வேலையில் பெரும்பங்கு தூங்கும்போதுதான் நடக்கிறது. உங்கள் வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் தேவை. ஒரு மணிக்குத் தூங்கிக் காலையில் வகுப்புக்கு ஓடினால், நேற்று கஷ்டப்பட்டுப் பொறுக்கிய நாலு பக்கத்திலும் பாதி சிந்திப்போகும். போன் படுக்கையறைக்குள் வர வேண்டாம். எழுந்திருக்க அலாரம் வேண்டுமே என்பீர்கள். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாலு இரவு தூக்கம் வராமல் புரள்வீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை நேராகக் கேட்க வேண்டும். தூக்கமின்மை, பயம், நான் லாயக்கில்லை என்ற எண்ணம் மூன்றும் உங்கள் கடிதத்தில் ஒன்றாக வருகின்றன. ஃபேஸ்புக் 2004-இல் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியாகப் பரவிய காலத்துத் தரவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வொன்று, அது நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் மோசமானதையும், மனநலக் குறைவால் படிப்பு பாதிக்கப்படுகிறது என்று சொன்னவர்கள் கூடியதையும் காட்டியது. மனம் வழியாகவும் மதிப்பெண் சரியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு, அழுகை வந்துகொண்டே இருந்தால், போனை விட்டுவிட்டு முதலில் உங்களைக் கவனிக்க வேண்டும். உங்கள் கல்லூரி ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும், அன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் தாங்கிக்கொள்வது தைரியம் ஆகாது.

அரியர் பாடத்தை இந்த வாரமே தொடுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். தெரிந்ததையே திரும்பப் படித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. புத்தகத்தைத் திறந்து, போன தடவை எந்தப் பக்கத்தில் போனை அதிகம் எடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவில்லையென்றால் இரண்டு நாள் பென்சிலோடு உட்காருங்கள், புள்ளிகளே காட்டிக்கொடுக்கும். புள்ளி அதிகமாக விழுந்த பக்கத்தில் 25 நிமிடம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு கேள்வி. ஐந்து கேள்விகள் சேர்ந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். இயற்பியல் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிப் பதில் வாங்கி எழுதுகிறேன்.